நான்கு டயர்களுக்குப் பெரட்டு

கோலாலம்பூரிலிருந்து தோட்டத்தைப் பார்க்க வந்த கம்பெனி டைரக்டரின் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முனகல் வீதம் முனகிக்கொண்டே வந்த அந்த அம்மாள், தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா வாசலில் இறங்கியபோது நிமிரவில்லை. குனிந்தபடியே தேநீர் குடித்தார். குனிந்தபடியே தேயிலையைப் பாராட்டினார். குனிந்தபடியே காரில் ஏறித் திரும்பிப் போனார். சில நாட்களில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. விருந்தினர் காரின் டயர்களை மாற்ற வேண்டும்.

அது ஜெர்மன் கார். தலைமை அலுவலகத்தில் பழசாகிப் போனதும் தோட்டத்துக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அதன் டயர்களுக்கு ரன்-ஃபிளாட் என்று பெயர். பக்கச் சுவர் தடித்தது. காற்று முழுக்கப் போய்விட்டாலும் படுத்துவிடாது. ஒன்றும் நடக்காததுபோல வண்டியைத் தாங்கிக்கொண்டு பட்டறை வரைக்கும் ஓடும். அந்தத் தடிப்புதான் டைரக்டர் மனைவியின் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

காரை ஓட்டுபவள் கத்தரீன். அவளுக்கு முன்னால் அவள் கணவன் மார்க் ஓட்டினான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள், காரைக் கழுவிக்கொண்டிருந்தவன் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு கம்பெனி அவளிடம் சாவியைக் கொடுத்தது. கார் ஓட்டுபவருக்குத்தான் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு. வீட்டில் மார்க்கின் அப்பா ஹரோல்ட் இருந்தார். அதனால் அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஏதோ மரத்துப்போயிருந்தது. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. துக்கமாக இருந்தால் எங்காவது வலித்திருக்கும். சோறு சோறாகவும் மழை மழையாகவும் இருந்தன, அவ்வளவுதான். அந்தக் காரும் அவளுக்குத் தோதாகவே இருந்தது. சாலையின் எல்லாப் பள்ளமும் அதற்கு ஒரே குத்து. சின்னப் பள்ளமா பெரிய பள்ளமா என்று கைக்குத் தெரியாது. ஒருமுறை ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா டவுன் வரை ஓட்டிவந்து டயர்க்கடையில் நிறுத்தினாள். கடைக்கார ஷஹாபுதீன் பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதுல காத்தே இல்ல. எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டார்.

“தெரியலையே,” என்றாள் கத்தரீன். அது உண்மை. டாஷ்போர்டில் எரிந்த விளக்கைக்கூட அவள் பார்த்திருக்கவில்லை.

அதே ஷஹாபுதீன்தான் இப்போது சாதாரண டயர்களை மாட்டினார். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக் கணக்கு பழைய டயருக்காகப் போட்டது என்றும், புதுசுக்கும் அங்கேயே ஆரம்பித்துக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்து ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கத்தரீன் தோட்டத்துக்குத் திரும்பி, கேட்டவர்களிடம் அதை அப்படியே சொன்னாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

கேட்டவர் ரூபன். தோட்டத்தின் பாதுகாப்பு அதிகாரி. கீழே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே பாம்பு இருந்தது, குலை தலையில் விழுந்தது, தினமும் வேலை இருந்தது. இங்கே பனிமூட்டமும் தேயிலையும்தான். கையுறை போட்டார்களா, பூட்ஸ் போட்டார்களா என்று பார்த்து முடித்தால் காலை பத்து மணிக்கு மேல் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. “முன்னே பின்னே” என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“முன்னன்னா எவ்வளவு முன்ன? பின்னன்னா எவ்வளவு பின்ன?” என்று கேட்டார். கத்தரீனுக்குத் தெரியவில்லை. அன்று மாலையே காற்றழுத்த மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டது. குழு ஒரு முடிவுக்கு வரும்வரை கார் நகரக் கூடாது.

கார் நகரவில்லை என்றால் ஹரோல்ட் நகர முடியாது. மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தானா ராத்தாவில் டயாலிசிஸ். தோட்டத்துக்குள் பஸ் வராது. சிகிச்சை முடிந்தால் கால் தள்ளாடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார முடியாது. விருந்தினர் இல்லாத நாட்களில் காரிலேயே கூட்டிப் போகலாம் என்று முந்தைய துரை வாயால் சொல்லியிருந்தார். அந்த வாய் இப்போது ஓய்வு பெற்று ஈப்போவில் இருக்கிறது.

“குழுவா?” என்றார் ஹரோல்ட். தொழிற்சாலையில் அரைக்கும் இயந்திரத்தோடு காலம் கழித்தவர்; சத்தமாகத்தான் பேசுவார். “நா கொழுந்து அரைச்ச காலத்துல, காத்து இல்லன்னா அடிப்பாங்க. இப்ப கூடிப் பேசுறாங்களா? பேசட்டும்லா.”

பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து டவுனுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரியைத் தர்மா ஓட்டினான். முன்னால் அவனுடைய மனைவியும் கைப்பிள்ளையும் வருவார்கள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இடம் உண்டு. கத்தரீன் ஒரு சாக்கை மடித்துப் போட்டு மாமாவை அதில் உட்காரவைத்தாள். லோரி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரவில்லை.

முதல் கூட்டத்துக்குக் காரோட்டி என்ற முறையில் அவளையும் கூப்பிட்டார்கள். நாற்காலி இல்லாததால் கதவோரம் நின்றாள். துரை புவனேஸ்வரன் காரோடு வந்த கையேட்டைப் பார்த்து இரண்டு புள்ளி இரண்டு என்றார். ரூபன் பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரத்தை நேரில் ஆய்வு செய்து வந்திருந்தார். அது இருநூற்று இருபது என்று காட்டியதாம். அலுவலகக் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி அம்சவல்லி தன் அண்ணன் காலமெல்லாம் முப்பத்திரண்டு வைத்துத்தான் ஓட்டினார் என்றும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். மூன்று பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. கடைசியில் துரை நடுநிலையாக ஒரு வழி சொன்னார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது.

எண்பத்துநாலு சொச்சம் வந்தது. சொச்சத்தைப் பெருந்தன்மையோடு தள்ளிவிட்டார்கள்.

தோட்டத்தில் இருந்த காற்றளவி அறுபதோடு நின்றுவிட்டது. எண்பத்துநாலைக் காட்டும் அளவி வேண்டும் என்று ரூபன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இதற்கிடையில் டாஷ்போர்டில் டயர்க் காற்றுக்கான மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. புதிய டயர் மாட்டினால் பழைய கணக்கை அழிக்க ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்; அமுக்கினால் அணைந்துவிடும். அமுக்கலாமா என்று கத்தரீன் கேட்டாள். அதிகாரம் இல்லாதவர்கள் எதையும் அமுக்கக் கூடாது என்றார் ரூபன். விளக்கின்மேல் கம்பெனிச் சின்னம் போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். இரண்டு இலையும் ஒரு மொட்டும். அதன் பின்னால் விளக்கு எரிந்தது. மொட்டு மஞ்சளாக ஒளிர்ந்தது. துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

தலைமை அலுவலகத்துப் பொறியாளர் ஒரே வரியில் பதில் அனுப்பினார். மூன்றும் ஒரே அழுத்தம்தான். அளக்கும் அலகுதான் வேறு. அடுத்த கூட்டத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டினார்கள். பிறகு துரை எழுந்தார்.

“இதப் பாருங்க,” என்றார். “மூணு பேரு. மூணு விதமான அனுபவம். ஒருத்தர ஒருத்தர் கேக்கல. ஆனா மூணு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கோம். நம்ம நிர்வாகத்தோட ஒற்றுமைக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எல்லோரும் கைதட்டினார்கள். கத்தரீனும் தட்டினாள். கைகள் தட்டின, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு என்று முடிவாயிற்று. ஷஹாபுதீன் போட்டு அனுப்பியதும் அதுதான். ஆகவே கார் நாளை ஓடும் என்று அவள் நினைத்தாள். ஆனால் டயர்க் கம்பெனியின் சிறு புத்தகத்தை ரூபன் இதற்குள் படித்துவிட்டிருந்தார். காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஓடினால் டயர் சூடாகும். காற்று ஏறிக் காட்டும். கார்க் கொட்டகை கீழே, தொழிற்சாலைக்குப் பின்னால். அலுவலகம் மேலே, குன்றின்மேல். குழு அலுவலகத்தில்தான் அளக்கும். குழு கீழே இறங்கிப் போவது மரபில்லை. காரை ஓட்டி மேலே கொண்டுவந்தால் டயர் சூடாகிவிடும். எனவே தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு, காலைப் பேர்க் கணக்குக்கு, வந்து நின்ற வங்காளதேசத் தொழிலாளர்கள் கொழுந்துக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காரைத் தள்ளினார்கள். அந்தக் குளிரிலும் அவர்களுக்கு வியர்த்தது. டயர் மட்டும் குளிர்ந்தே இருந்தது. இது இந்த ஊர் வழிபாடு போலும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். குன்றின் உச்சியில் கார் நின்றதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

ஆட்களுக்குப் பெரட்டு எடுப்பதுபோல டயர்களுக்கும் எடுப்பது என்று ஏற்பாடு. வேலம்மா கங்காணி பேர் கூப்பிடுவாள். காரோட்டி பதில் சொல்ல வேண்டும்.

“முன் வலது?”

“இருக்குங்க.”

“முன் இடது?”

“இருக்குங்க.”

பேர் கூப்பிட்டு முடிந்தாலும் அளக்க முடியாது. துரை காலை உணவு முடித்து வர ஒன்பதாகும். அதற்குள் மூடுபனி விலகிக் காரின் ஒரு பக்கத்தில் வெயில் விழும். வெயில் பட்ட இரண்டு டயர்களும் நிழலில் இருந்த இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டின. ஒரே காரில் இரண்டு வித நீதி இருக்கக் கூடாது என்றார் துரை. முதலில் குடை பிடித்தார்கள். பிறகு கோணியை நனைத்துப் போர்த்தினார்கள். அதுவும் சரிவராமல், பறித்துவந்த கொழுந்தை வாடவைக்கும் கூடத்துக்குள் காரைத் தள்ளிப்போய், பெரிய விசிறிகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இரவெல்லாம் டயர் மேல் குளிர்காற்று வீசியது. பக்கத்துத் தட்டுகளில் கிடந்த கொழுந்தில் ரப்பர் வாடை ஏறியது. அந்தத் தேயிலை மாதிரியைக் குடித்துப் பார்த்த தலைமை அலுவலகத்து ருசிபார்ப்பவர், இந்த முறை உறுதியான, நீண்ட நேரம் நாவில் தங்கும் ஒரு புதுக் குணம் தெரிவதாகப் பாராட்டி எழுதினார். துரை அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இப்படியாக நாட்கள் போயின. ஹரோல்ட் முட்டைக்கோஸுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் மழையில் மண் சரிந்து லோரி நின்றுவிட்டது. டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை தாண்டியிருந்தது, திரும்பி வந்துவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். கத்தரீன் அவர் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, காத்து எவ்வளவு இருக்கு?” என்றார் ஹரோல்ட், மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளே எங்கோ ஏதோ ஒன்று நகர்ந்தது. நெடுநாளாக எதுவும் நகராத இடம் அது.

அன்றே துரையிடம் போனாள். மாமாவுக்கு முடியவில்லை, இன்னொரு தடவை தவறினால் ஆள் பிழைக்கமாட்டார், காரை விடுங்கள் என்று கேட்டாள். இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி வெகுகாலமாயிற்று. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கத்தரீன், ஒன் மாமனார் மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு ஒனக்குத் தெரியும். ஆனா காத்துக்கு மரியாதை தெரியாது. இன்னைக்கு ஒரு ஆளுக்காக ரூல வளைச்சோம்னா, நாளைக்கு எல்லாரும் ஒடம்பு சரியில்லன்னு வருவாங்க. ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு? ஒடம்பு சரியில்லாதவங்களுக்குத்தான? கார் எதுக்கு இருக்கு? நல்லா இருக்கறவங்களுக்கு.”

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் இல்லை. அந்த வாரமே குழுவைக் கூட்டி, கார் ஓடலாம் என்று முடிவெடுத்தார். சோதனை ஓட்டம், தானா ராத்தா வரை போய்வர வேண்டும். கத்தரீன் நன்றி சொல்ல வாயெடுத்தபோது ரூபன் மிச்சத்தையும் சொன்னார். முப்பத்திரண்டு என்பது ஆளில்லாத காருக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு. ஆள் ஏறினால் பாரம் கூடும். பாரம் கூடினால் எவ்வளவு காற்று என்று குழு இன்னும் ஆராயவில்லை. அதுவரை காரோட்டி தவிர யாரும் ஏறக் கூடாது. ஏற்றினால் கார்ச் சாவியோடு வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆகவே அடுத்த முறை தர்மாவின் லோரி முன்னால் போயிற்று. அதன் பின்னால், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில், நீலத் தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு ஹரோல்ட் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் காலியான ஜெர்மன் காரைக் கத்தரீன் ஓட்டிவந்தாள். தோல் இருக்கைகளில் யாரும் இல்லை. மழை தூறியது. வைப்பர் முகப்புக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் மாமாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது, பிறகு மங்கியது, பிறகு தெரிந்தது. பாதி வழியில் அவர் தார்ப்பாயிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, பாதுகாப்பு வண்டியோடு போகும் மந்திரியைப்போல அவளுக்குச் சல்யூட் அடித்தார். டவுனில் மஜீதாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றவர்கள், யாரோ பெரிய மனிதர் லோரியில் வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

திரும்பும்போதும் அப்படியே. சிகிச்சை முடிந்து துவண்டுபோனவரை இரண்டு பேர் லோரியில் தூக்கி ஏற்றினார்கள். கத்தரீன் பின்னால் ஓட்டினாள். புது டயர் சாலையை மறைக்கவில்லை. இது சின்னப் பள்ளம், இது தார் பெயர்ந்த இடம், இது மண் சரிவை வழித்த தடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்கு வந்தது. லோரி ஒரு பள்ளத்தில் இறங்கி மாமாவின் தலை ஆடும். கொஞ்சம் கழித்து அதே பள்ளம் அவள் உள்ளங்கையில் ஏறும். வீடு வந்து சேரும்வரை அவளால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளின் பெரட்டில் குழு முழுவதுமாக வந்திருந்தது. சோதனை ஓட்டம் வெற்றி என்று அறிவிக்கத் துரையே சீக்கிரம் வந்துவிட்டார். பனிமூட்டத்தில் காரின் கண்ணாடிகள் உள்ளும் புறமும் வெளுத்திருந்தன. அன்று காரைத் தள்ளி ஏற்றிய தொழிலாளர்கள் வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

காற்று சிறிதும் மாறவில்லை என்றார் துரை. அதற்கு யாரையும் ஏற்றாததே காரணம். இனித் தோட்டத்தின் எல்லா வண்டிகளிலும் இதையே கடைப்பிடித்தால் டயர்கள் பல்லாண்டு வாழும். காரோட்டியின் பாரத்தையும் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று குழு பரிசீலிக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். கத்தரீன் தட்டவில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள்.

வேலம்மா கங்காணி பேர் கூப்பிட்டாள்.

“முன் வலது?”

“இருக்குங்க.”

“முன் இடது?”

“இருக்குங்க.”

“பின் வலது?”

“இருக்குங்க.”

“பின் இடது?”

கத்தரீன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேலம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அது மேல மாமா உக்காந்திருக்காரு,” என்றாள் கத்தரீன்.

பின் இடது கண்ணாடி மெதுவாக இறங்கியது. டைரக்டர் உட்காரும் இடத்தில் ஹரோல்ட் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ரூபன் காற்றளவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“எறங்கச் சொல்லு கத்தரீன்,” என்றார் துரை. “காத்து மாறிடும்.”

“மாறட்டுங்க தொரை.”

“வீட்ட யோசிச்சியா?”

யோசித்திருந்தாள். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கிடந்து, காரின் சாவித் துவாரத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தன. வீட்டுச் சாவி முழங்காலில் இடித்தது. சில்லென்றிருந்தது. பயமாக இருந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று அவள் ஒரு கணம் ஆச்சரியப்பட்டாள்.

ஹரோல்ட் தலையை வெளியே நீட்டினார். “தொரை, டயாலிசிஸ் முடிஞ்சா தண்ணியெல்லாம் எடுத்துருவாங்க. வரும்போது எட கொறஞ்சிருப்பேன். அப்ப அளந்து பாத்துக்கங்க.”

கத்தரீன் காரைக் கிளப்பினாள். ரூபன் அளவியோடு கொஞ்ச தூரம் கூடவே ஓடி, பின்தங்கினார். அலுவலக வாசலில் மழைத்தண்ணீருக்காக வெட்டிய குறுக்குக் கால்வாயில் முன் சக்கரங்கள் இறங்கி ஏறின. பிறகு பின் சக்கரங்கள் இறங்கின; இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்தது. ஒரு மனிதனின் பாரம். அது அவள் முதுகில் ஏறி, தோளில் இறங்கி, கைகளுக்கு வந்து சேர்ந்தது.

“மெதுவாப் போம்மா,” என்றார் ஹரோல்ட் பின்னாலிருந்து. “எல்லாப் பள்ளமும் தெரியுது.”

“எனக்கும் தெரியுது மாமா,” என்றாள் அவள். சாலை கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டாள். வெளியே மழை இல்லை.